இரும்புக் கொப்பரையும் என் வாயும்

1931 ஜனவரி 26, திங்கள்

இன்றும் துவைத்தேன். நேற்று ஆண்டவருடைய நாள், அதனால் துவைக்கவில்லை. அதற்கும் சேர்த்து இன்று. ஆண்டவர் ஆறு நாள் வேலை செய்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தேன். எட்டாம் நாள் காலையில் ஏழாம் நாளின் அழுக்குத் துணி அவருக்காகக் குவிந்து கிடக்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

இந்த வீடு ஓர் ஆம்பளைக் காடு. என் வீட்டுக்காரர், அவர் தம்பி துரைசாமி, கடைசித் தம்பி சூசை, என் பிள்ளைகள் இரண்டு பேர் — அத்தனை பேருக்கும் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. பெண்டாட்டியைப் பறிகொடுத்த துரைசாமிக்கு நான்கு பிள்ளைகள். நான்கும் மண்ணில் புரளுவதற்கென்றே பிறந்தவை. பெண் என்று பார்த்தால் நானும் மாமியார் சவுரியம்மாளும்தான். மாமியாருக்கு முட்டிவலி. அழுக்குத் துணியைக் கண்டால் வரும். மாதா கோயில் திருவிழாவைக் கண்டால் போய்விடும்.

ஷாப் துணி என்றால் சும்மா அழுக்கு இல்லை. சுண்ணாம்புத் தொட்டி நாற்றம், ஆட்டுக் கொழுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே தோலை ஊறவைக்கிற ஆவாரம்பட்டைச் சாறு. வேட்டியைப் பிழிந்தால் காப்பிக் கஷாயம்போல் பழுப்பாக வடியும். முதலில் அவற்றைத் தனியே பிரித்து, பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, பழுப்புப் போகிறவரை அலசவேண்டும். அதற்கப்புறம்தான் வெள்ளைத் துணியின் பக்கத்தில் அவற்றுக்கு இடம். பிறகு அழுக்குப் போக உவர்மண், மண்மொடாவில் வேகவைத்தல், கல்லில் அடித்தல், நீலம், கஞ்சி. "வீட்டுக் கிணறு இருக்குதே?" என்று கேட்பவர்கள் எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்ததில்லை. ஷாப் கழிவு இறங்கி உப்பாகிவிட்டது. சோப்பு அதில் நுரைக்காது, முறைக்கும்.

ஊர் வண்ணார் எங்கள் தெருத் துணியைத் தொடமாட்டார். ஞானஸ்நானத்தில் ஜென்மபாவமே போய்விட்டது என்கிறார் சாமியார். வண்ணாருக்கு அது போதவில்லை.

ஜனவரி 28, புதன்

உவர்மண் பட்டுப் பட்டு வலது கைப் பெருவிரல் வெடித்துவிட்டது. விளக்கெண்ணெய் தடவியிருக்கிறேன். இந்தக் கையெழுத்துக்கு மடத்து சிஸ்டர்மார் பொறுப்பல்ல.

ஜனவரி 31, சனி

மருமகன் மரியதாஸ் ஜோலார்பேட்டையிலிருந்து வந்தார். ரயில் இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. எத்தனை குளித்தாலும் காது மடலில் கொஞ்சம் கரி பாக்கி இருக்கும். நல்ல மனுஷன். பேசுவதற்குள் எனக்குத்தான் தூக்கம் வந்துவிடும்.

காப்பி குடித்து முடித்து, டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அத்தை, சலேத்துக்கு அடுத்த மாசக் கடைசி, இல்லாட்டி மார்ச்சு. இங்க இட்டாரலாம்னா டாக்டரம்மா வண்டி ஏறவே கூடாதுன்னுட்டாங்க. எனக்கு டூட்டி எப்போ வரும்னு தெரியாது. எங்கம்மாவும் இல்ல. நீங்க வந்து கூட இருக்கணும்."

என் மகள் சலேத்துக்கு இது இரண்டாவது. தலைப்பிரசவம் இந்த வீட்டில்தான். குழந்தை கால் மாறி வந்தது, தங்கவில்லை. சலேத்தே தங்குவாளா என்று ஒரு நாள் முழுக்கத் தெரியாமல் இருந்தது. அன்று என் கையை அவள் முதுகை விட்டு எடுக்கவிடவில்லை. "உன் கை சொரசொரன்னு இருக்குது, அதான் நல்லா இருக்குது, தேச்சிக்கினே இரு" என்றாள்.

போகவேண்டும். போகாமல் எப்படி?

பிப்ரவரி 1, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் வீட்டில் பேச்செடுத்தேன்.

மாமியார் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "போயேன், யாரு வேணாம்னது? போறப்போ இந்தத் துணிங்களையும் மூட்டை கட்டி எடுத்துக்கினு போ" என்றார்.

என் வீட்டுக்காரர் தேவசகாயம் மேஸ்திரி, பட்டைத் தொட்டிகளுக்கு அதிபதி, கூரையைப் பார்த்தார். கூரையில் பல்லி இருந்தது. இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 4, புதன்

அடுத்த தெரு எல்லம்மாவை ஒரு மாசத்துக்குக் கூலிக்குத் துவைக்கக் கூப்பிட்டேன். வந்தாள்; குவியலைப் பார்த்தாள். "யக்கா, இது துணியா, இல்ல கலவரமா?" என்றாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று பெரிய சண்டை. ஒரு வாரமாக ஜாடையாகப் பேசிப் பார்த்தேன். ஜாடை புரிகிற வீடா இது? சாப்பாட்டு நேரத்தில், எல்லார் வாயிலும் சோறு இருக்கிற சமயம் பார்த்து, "மவ உசுரு பெருசா, உங்க கோமணம் பெருசா?" என்று கேட்டேவிட்டேன்.

சூசைக்குப் புரையேறிவிட்டது.

"வாயைப் பாரு வாயை! தெருமுனை வரைக்கும் கேக்குது!" என்றார் மாமியார். தெருமுனைக்குக் கேட்டது அவர் குரல்தான்.

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னாடி பெரிய துணி? தினமும் எத்தினி தோலு என் கையில பொரளுது! ஊற வெக்கிறது, அலசுறது, பிழியறது, காய வெக்கிறது, எங்க தொழிலே அதான். ஆட்டைத் துவைக்கிறவனுக்கு வேட்டியைத் துவைக்கத் தெரியாதா? நாங்க அஞ்சு பேரு நின்னா மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டுத் தூங்குவோம்."

விடுவேனா? "அப்போ செஞ்சி காட்டுங்க."

துரைசாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். என்மேல் பரிதாபமா, தன்மேலா என்பது தெரியவில்லை.

கடைசியில் மாமியார் தீர்ப்பு எழுதினார். முதலாளி ஜும்மாத் தொழுகைக்காக ஷாப்புக்கு லீவு விடுகிற ஒரு வெள்ளிக்கிழமை ஆண்கள் மட்டும் துவைக்கவேண்டும். வெள்ளையாக வந்தால் நான் ஜோலார்பேட்டை போகலாம். வராவிட்டால் சலேத்தை மாதா பார்த்துக்கொள்வாள். "ஆனா ஒண்ணு. இவ வாயைத் திறக்கக் கூடாது. அப்பிடி வெய்யி, இப்பிடி வெய்யின்னு ஒரு வார்த்தை சொன்னா, இவளே துவைச்ச கணக்குதான். அப்புறம் பயணம் கிடையாது."

என் வாயைக் கட்டிப்போட இருபத்தைந்து வருஷமாக வழி தேடின மனுஷி. கண்டுபிடித்துவிட்டார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இவர் இன்றைக்கும் சாப்பிடும்போது ஷாப் கதை. புதிதாக வந்த கூலி ஒருத்தன் பட்டைத் தொட்டியில் இரும்பு வாளியை முக்கிவிட்டானாம். தோல் முழுக்க மசிபோல் கறுத்துவிட்டதாம். "பட்டைத் தண்ணியில இரும்பு படலாமாடா மடையான்னு கேட்டுக்கினே தொட்டியைச் சுத்தி ஓட ஓட வெரட்டினேன்!"

இந்தக் கதை எனக்குக் கலியாணமான நாளிலிருந்து தெரியும். கூலி மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறுவான்.

பிப்ரவரி 13, வெள்ளி

மதராசுக்குச் சரக்கு போகிறதாம், லீவு இல்லையாம். துவையல் அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போனது. இவர் முகத்தில் என்ன நிம்மதி!

வளையல் விற்கிற ஹலீமா பீ வந்தாள். என்னோடு ஊர்க்கதை பேசாவிட்டால் அவளுக்கும் பொழுது போகாது, அவளோடு பேசாவிட்டால் எனக்கும் போகாது. பந்தயத்தைச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அரே ஞானக்கா, ஆம்பளைங்க துவைக்கிறதா! டிக்கெட் போட்டா நான் ஜாஸ்தி பைசா குடுத்துப் பாப்பேன். ஆனா நீ நாள் பூரா பேசாம இருக்கிறதுக்கு இன்னும் ஜாஸ்தி குடுக்கலாம்."

பிப்ரவரி 18, புதன்

விபூதிப் புதன். தபசு காலம் தொடங்கிவிட்டது. சாமியார் நெற்றியில் சாம்பலைப் பூசி, மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்றார். எனக்கு உவர்மண் ஞாபகம் வந்தது. மன்னிப்பாராக.

பிப்ரவரி 20, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன். காலையிலிருந்து நான் பேசவே இல்லை.

முதலில் நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஐந்து பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யுத்தத்துக்குப் புறப்படுகிறவர்கள்போல் கொல்லையில் நின்றார்கள். மாமியார் முக்காலி போட்டு, நான் வாயைத் திறக்கிறேனா என்று காவல் உட்கார்ந்தார். நான் சுவரோரம், முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு.

துரைசாமி எங்கேயோ போய் வண்டி வைத்து ஒரு சாமானைக் கொண்டுவந்து இறக்கினார். மாதனூர்ப் பக்கம் கரும்புக்காரன் ஒருத்தன் வெல்லம் காய்ச்சுகிற கொப்பரை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அதில் படுத்துத் தூங்கலாம், அத்தனை பெரிசு.

"உங்கண்ணி பேஜார் பண்றாளே, கொஞ்சம் கொஞ்சமா மொடாவுல வேக வெச்சி — இதுல போட்டா ஒரே கொதி!" என்றார் இவர்.

கொப்பரை இரும்பு.

நல்ல கறுப்பு இரும்பு.

சரி, ஷாப் துணியைத் தனியாக அலசிவிட்டால் பழுப்பு போய்விடும், பாதி ஆபத்துதான் என்று நினைத்தேன். அலசினார்களா? ஆற்றுக்குப் போவானேன் என்றார் இவர். "தோலுன்னா தோலு, துணின்னா துணி, எல்லாம் ஒண்ணாத்தான் ஊறணும்" என்று, பட்டைச் சாறு சொட்டச் சொட்ட ஷாப் வேட்டிகள், அதன்மேல் பூசை வேட்டிகள், பிள்ளைகளின் சட்டைகள், மாமியாரின் வெள்ளைப் புடவைகள் — எல்லாவற்றையும் கொப்பரையில் கொட்டி, உவர்மண்ணும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள்.

கடவுளே! நான் என்ன செய்வேன்? சொன்னால் பந்தயம் போச்சு, பயணம் போச்சு. சொல்லாவிட்டால் துணி கறுக்கும், அப்பவும் பயணம் போச்சு. வாயைத் திறந்தாலும் தோற்பேன், மூடினாலும் தோற்பேன். கலியாணத்துக்கு முன்னால் இப்படி ஒரு நிலைமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் மடத்திலேயே சேர்ந்திருப்பேன்.

இருமினேன். "தண்ணி குடி" என்றார் மாமியார்.

என் மண்மொடாவை உருட்டிக்கொண்டு போய் இவர் காலடியில் வைத்தேன். "எடுத்துக்கினு போ உன் ஓட்டைச் சட்டியை" என்றார்.

கரண்டியால் கொப்பரையின் விளிம்பில் டங் டங் என்று தட்டினேன். இரும்பு, இரும்பு என்று அது தொண்டை கிழியக் கத்தியது. "கோயில் மணி அடிக்கிறியா? போய் சோத்தைப் பாரு" என்றார் இந்தப் பட்டைத் தொட்டி மேஸ்திரி.

அடுப்பு மூட்டினார்கள். கொதித்தது. ஐந்து பேரும் கட்டையால் கிண்டினார்கள், வேர்த்தார்கள், பாட்டுக்கூடப் பாடினார்கள். துரைசாமி ஒரு வேட்டியைக் கட்டையில் மாட்டித் தூக்கினார்.

முற்றின நாவல்பழம்! அந்த நிறம். அதற்கடுத்தது மழை மேகம். அதற்கடுத்தது, எங்கள் பெரிய பையனின் பூசைச் சட்டை, எழுதுகிற மசியில் முக்கினதுபோல. கொப்பரை மட்டும் குபுகுபு என்றது.

சூசைதான், பாவம், பழக்கதோஷத்தில் வாயைவிட்டான். "அண்ணே... பட்டைத் தண்ணியில இரும்பு படலாமா?"

இவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன், சிரிப்பும் பேச்சுக் கணக்கில் சேருமோ என்று பயம்.

மாமியார் எழுந்து வந்து தன் வெள்ளைப் புடவையை விரித்துப் பார்த்தார். மாமனார் காலமான பிறகு இன்றுதான் அவருக்குக் கலர்ப் புடவை.

பிப்ரவரி 21, சனி

சிரிப்பை அடக்கினது நேற்று. இன்று சிரிப்பு இல்லை.

அலசினார்கள், கல்லில் அடித்தார்கள், எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள். நாவல்பழம் சாம்பலானது, அவ்வளவுதான். மாமியார் நெட்டி முறித்துவிட்டு, "தோத்துட்டானுங்க. வெள்ளையா வரல. பேச்சு பேச்சுதான், நீ போவ வேணாம்" என்றார். பாதிக் குற்றம் என்மேல். சுவரோரம் நின்று நான் கண் போட்டுவிட்டேனாம்.

அய்யோ, என் பொண்ணு தனியா கெடக்குமே. கரி படிஞ்ச அந்த ரயில்வே வீட்டுல, ஆம்பளை டூட்டிக்குப் போய்ட்டா, அதுக்குத் தண்ணி குடுக்க யாரு இருக்கா? போன தபா மாதிரி ஆச்சுன்னா? ஒரு இரும்புச் சட்டிக்காக நான் அவளை... இவனுங்க துணி வெளுக்குமா கறுக்குமான்றதுலயா என் பொண்ணு உசுரு இருக்குது? பந்தயத்துக்கு நான் ஏன் ஒத்துக்கினேன்? என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

கொல்லையில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போது இவர் வந்தார். சமாதானம் சொல்ல வந்தார் என்று நினைத்தேன். இல்லை. அந்தண்டை இந்தண்டை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஞானம்... ஷாப்புல யாருக்கும் தெரிய வேணாம்."

"இன்னாது?"

"கொப்பரை விஷயம். தம்பிங்க, பசங்க எல்லாரும் மாதா மேல சத்தியம் பண்ணிட்டானுங்க. அந்த வாளிப் பையன் காதுல விழுந்துதுன்னு வெய்யி... தொட்டியைச் சுத்தி என்னை வெரட்டுவான். நீ வாயைத் திறக்காதே."

கண்ணீரைத் துடைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சரியான வார்த்தை சரியான நேரத்துக்கு வந்தது. மாதாவே கொடுத்தாள் என்று சொல்லலாம்; ஆனால் அவள் இத்தனை கெட்டவள் அல்ல.

"நான் எங்கங்க திறக்கப்போறேன்? ஆனா என் வாய் என் பேச்சு கேக்காதே. தினமும் ஹலீமா பீ வர்றா. ஆத்துல ஊத்தாண்ட பத்துப் பொம்பளைங்க. எல்லாம் ஷாப்காரங்க பெண்டாட்டிங்க. எத்தினி நாளைக்கு அடக்கி வெக்கிறது? ஜோலார்பேட்டையில இருந்தேன்னா பரவாயில்ல. அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

கொடியில் தொங்கிய சாம்பல் வேட்டிகளைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். அவர் தன் அம்மாவிடம் என்ன சொன்னாரோ தெரியாது. மாமியாரின் குரல் மட்டும் வந்தது: "அப்போ துணியை யாரு துவைக்கிறது?"

"நாங்கதான். மண்மொடாவுல."

பிப்ரவரி 22, ஞாயிறு

கட்டிக்கொள்ள வேறு துணி ஏது? மேகக்கூட்டம்போல் குடும்பம் முழுதும் பூசைக்குப் போனோம். வெள்ளை வெள்ளையாக இருக்கிற கோயிலில் நாங்கள் மட்டும் சாம்பல். இவர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

சாமியார் பிரசங்கத்தின் நடுவில் நிறுத்தினார். எங்களைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "தபசு காலம் என்று எல்லாரும் வாயால் சொல்லுகிறோம். இதோ, தேவசகாயம் குடும்பத்தார், வெள்ளையின் பகட்டைத் துறந்து, சின்னப் பிள்ளைகள் முதற்கொண்டு சாம்பல் நிறம் உடுத்தி வந்திருக்கிறார்கள்!"

துரைசாமி தலைகுனிந்து நின்றார். அதைத் தாழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் நாலு பேர், நாங்களும் அப்படிச் செய்யலாமா, சாயம் எங்கே போட்டீர்கள் என்று விசாரித்தார்கள். இவர் வேர்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

மாமியார் நிமிர்ந்து நடந்தார். "யோசனை என்னுதுதான், சாமி" என்றார்.

பிப்ரவரி 23, திங்கள்

காலை பாசஞ்சரில் கிளம்பினேன். வழியனுப்ப வந்த ஹலீமா பீ, "பந்தயம் இன்னா ஆச்சு? சொல்லாம போறியே!" என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு கொஞ்சதூரம் ஓடிவந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினேன். இந்தத் தபசு காலத்தில் நான் ஆண்டவருக்குச் செலுத்தின ஒரே ஒறுத்தல் அதுதான். நாற்பது நாள் உபவாசத்துக்கு ஈடாகும்.

மார்ச் 4, புதன்

மருமகனின் காக்கிச் சட்டையைத் துவைத்தேன். கரி, மசகெண்ணெய், மறுபடியும் கரி. ஆம்பூரில் பழுப்பு, ஜோலார்பேட்டையில் கறுப்பு. ஒரு குமாஸ்தா மாப்பிள்ளையாகப் பார்த்திருக்கக் கூடாதா நான்?

சலேத்துக்குக் கால் வீங்கியிருக்கிறது. ராத்திரி என் பக்கத்தில்தான் படுக்கிறாள், சின்னப் பிள்ளைமாதிரி.

மார்ச் 9, திங்கள்

பிறந்துவிட்டது. பெண். ஒழுங்காகத் தலையை முதலில் நீட்டிக்கொண்டு வந்தாள், மகராசி. நடுவில் ஒரு மணி நேரம் டாக்டரம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். அந்த நேரத்தை எழுதமாட்டேன். முதுகை விட்டுக் கையை எடுக்கவில்லை. "சொரசொரப்பு கம்மியாயிடுச்சும்மா" என்று சலேத் முனகினாள். இரண்டு வாரமாக ஆம்பூர்த் துணி இல்லை அல்லவா!

இரண்டு பேரும் தூங்குகிறார்கள். நான்தான் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன், வேலையில்லாமல்.

மார்ச் 20, வெள்ளி

ஷாப் லீவு. இவர் பேத்தியைப் பார்க்க வந்தார். அந்த வேட்டிதான். பல தடவை துவைத்ததில் புறா நிறத்துக்கு வந்திருந்தது, அழகாகக்கூட இருந்தது. கையைப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷம் சுண்ணாம்பும் பட்டையும் தின்ற கைதான். ஆனால் பெருவிரல் முனையில் புதிதாக ஒரு வெடிப்பு. எனக்குத் தெரியும், அது உவர்மண் வெடிப்பு.

குழந்தையை மடியில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். அது மடியை நனைத்துவிட்டது. சிரித்தார். பிறகு வெளியே குழாயடியில் குவிந்திருந்த குழந்தைத் துணிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

பக்கத்து வீட்டு ரயில்வேக்காரன் பெண்டாட்டி வாசலில் நின்று வாயைப் பிளந்தாள். இவர் கவனிக்கவில்லை. குழாயடியில் இருந்த வாளியைத் தூக்கினார், கவிழ்த்தார், விரல்முட்டியால் டங் என்று தட்டிப் பார்த்தார். ரயில்வே வாளி. இரும்பு. முகம் சுளித்துத் தள்ளி வைத்துவிட்டு, "மண்சட்டி இருக்குதா?" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

குழந்தைத் துணியில் ஆவாரம்பட்டை ஏது? அந்த இரும்பு வாளியே போதும், ஒன்றும் கறுக்காது.

சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே போய் மண்சட்டியை எடுத்துவந்து கொடுத்தேன்.